பினாங்கு யாரை அழைக்கிறது, யாரை வைத்துக்கொள்கிறது?

பினாங்கு என்ற நகரம் தொடங்கியதே ஒரு சலுகையில்தான். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரிட்டிஷ் வணிகர் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியபோது அவரைச் சுற்றி இருந்தது பெரும்பாலும் காடு. ஆட்கள் வர வேண்டும் என்றால் அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அவர் இரண்டு காரணங்களைக் கொடுத்தார். துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது. வெட்டித் திருத்தும் நிலம் வெட்டியவருக்கே. காடு வெட்ட ஆள் சேர்ப்பதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதைகூட உண்டு.

வந்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். கெடாவிலும் சோழமண்டலக் கரையிலும் வணிகம் செய்துகொண்டிருந்த தமிழ் முஸ்லிம்கள் சரக்கோடு வந்து கடை போட்டார்கள். கூலிக்காரர்கள், படகோட்டிகள், சலவைத் தொழிலாளர்கள், பிற்பாடு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்தது வரியில்லாத துறைமுகம். ஊர்க்காரர்களாக ஆக்கியது வேறொன்று. 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கென்று நிலம் கொடுத்தது. இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதன் வக்ஃபு நிலமும் அப்படி வந்தவை. 1833-இல் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. சம்பாதித்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று வந்தவர்களில் பலர், தொழவும் கும்பிடவும் ஓர் இடம் அமைந்த பிறகு, பிள்ளைகுட்டிகளோடு இங்கேயே தங்கிவிட்டார்கள்.

நகரங்கள் மக்களுக்குக் கொடுக்கும் சலுகைகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆளை வரவழைக்கும் சலுகை ஒன்று. ஏற்கெனவே இருப்பவரைப் போகவிடாமல் வைத்திருக்கும் சலுகை இன்னொன்று. முன்னது விளம்பரத்துக்கு ஏற்றது, எத்தனை பேர் வந்தார்கள் என்று மேடையில் எண்ணிச் சொல்லலாம். பின்னதை யாரும் எண்ணுவதில்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருந்த குடும்பத்துக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது. அதனால்தான் அரசுகளின் பணமும் கவனமும் முதல் வகைக்கே அதிகம் போகின்றன. பினாங்கில் இந்தச் சாய்வு நம் குடும்பங்களை நேரடியாகப் பாதித்திருக்கிறது.

உலகத்தில் இப்போது பேசப்படும் உதாரணங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் டல்சா நகரத்தில் 2018 முதல் ஓர் அறக்கட்டளை, வேறு ஊரில் உள்ள நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் டல்சாவுக்குக் குடிவந்து ஒரு வருடம் இருந்தால் 10,000 டாலர் தருகிறது. 3,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். வருபவர் தன் வேலையையும் கையோடு கொண்டுவருகிறார், உள்ளூர்க்காரரின் வேலைக்குப் போட்டியில்லை, சம்பளம் மட்டும் டல்சாவில் செலவாகிறது. ஜப்பானில் தோக்கியோவின் நெரிசலைக் குறைக்க, அங்கிருந்து கிளம்பி வேறு மாநிலங்களில் குடியேறும் குடும்பங்களுக்கு 2023 முதல் ஒரு குழந்தைக்கு 10 லட்சம் யென் வரை கூடுதல் உதவி. இத்தாலியின் மலைக்கிராமங்களில் ஒரு யூரோவுக்குப் பாழடைந்த வீடு, பழுதுபார்த்துத் தருவேன் என்ற உறுதியோடு. மூன்றும் ஆளில்லாமல் வீடு காலியாகக் கிடக்கும் ஊர்களுக்கான மருந்து. பினாங்குத் தீவுக்கு அந்த நோயே இல்லை. இங்கே வர விரும்புபவர்கள் ஏராளம். சாதாரணச் சம்பளத்துக்கு எட்டுகிற வீடுகள்தான் குறைவு. ஆகவே, "நாமும் பணம் கொடுத்து ஆட்களை அழைப்போமே" என்று கேட்பவர்கள் தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள்.

நவீன பினாங்கின் பெரிய சலுகை 1972-இல் பாயான் லெப்பாஸில் தொடங்கியது. தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதி 1960-களின் இறுதியில் போய், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. முதலமைச்சர் லிம் சொங் இயூ சுதந்திர வர்த்தக மண்டலம் அமைத்தார். வரி விலக்குக் காலமும் தயார் நிலமும் கொடுத்ததில் இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட் போன்ற நிறுவனங்கள் வந்தன. சலுகை கிடைத்தது நிறுவனங்களுக்கு, மக்கள் வேலையைத் தேடித் தாமாக வந்தார்கள். தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் பெண்பிள்ளைகளுக்கு மாதச் சம்பளமும் தொழிற்சாலைப் பேருந்தும் கிடைத்தது இந்த மண்டலத்தால்தான். நகரங்கள் கொடுக்கும் எல்லாச் சலுகைகளிலும் வேலைவாய்ப்பு போல வலுவானது வேறில்லை.

ஆனால் வேலை தீவில், வீடு பெருநிலத்தில் என்ற நிலையும் அதோடு வந்தது. 1985-இல் முதல் பாலம், 2014-இல் இரண்டாவது பாலம். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கமிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கடலைத் தாண்டி வேலைக்கு வருபவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜனவரி முதல் நாள் தொடங்கி இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. இதைக் குடியிருப்புச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை. பினாங்கில் வேலை செய்யும் எளிய குடும்பத்துக்கு இதைவிட நேரடியாகக் கைக்கு வந்த சலுகைகள் மிகச் சிலவே.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

மலேசியாவில் நகரவாசிகளைத் தங்கவைத்த மிகப் பெரிய சலுகை எது என்று கேட்டால், 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்றுதான் சொல்வேன். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தியது. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது, இருப்பவரை எளிதில் காலி செய்யவும் முடியாது. போருக்கு முந்திய கடைவீடுகள் நிறைந்த, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனைப் போல இச்சட்டத்தின் கீழ் இவ்வளவு கட்டடங்கள் இருந்த ஊர் நாட்டில் வேறில்லை. கீழே கடை, மேலே இரண்டு மூன்று குடும்பங்கள். வேலையாட்களுக்கு அங்கேயே படுக்கை. மாலை கட்டுபவர், மளிகைக்காரர், பணம் மாற்றுபவர், பொற்கொல்லர், மசாலை அரைப்பவர் எல்லாரும் தொழில் செய்த தெருவிலேயே குடியிருக்க முடிந்தது, வாடகை அத்தனை குறைவு என்பதால்தான்.

இந்தச் சலுகைக்கான செலவை யார் ஏற்றார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசு ஏற்கவில்லை, கட்டட உரிமையாளர்கள் ஏற்றார்கள். வருகிற வாடகையில் ஒரு கூரையைக்கூட மாற்ற முடியாதபோது அவர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். உத்தரங்கள் உளுத்தன, சுவர்களில் மரம் முளைத்தது. அந்தக் கட்டடங்களில் கணிசமானவை கோயில், பள்ளிவாசல், சீனக் குலச்சங்கம் ஆகியவற்றின் அறநிலையச் சொத்துகள். அவற்றின் தருமக் காரியங்களும் வருமானமில்லாமல் சுருங்கின. அதே வேளையில், பழைய தெருக்கள் இடிக்கப்படாமல் தப்பியதற்கும் இதே சட்டம்தான் காரணம். காலி செய்ய முடியாத கட்டடத்தை எந்த மேம்பாட்டாளர் வாங்குவார்?

1997-இல் சட்டம் நீக்கப்பட்டது. 1999 இறுதிவரை இடைக்கால அவகாசம். 2000 பிறந்தவுடன் வாடகைகள் பல மடங்கு ஏறின, பல குடும்பங்களுக்கு வெளியேறும்படி கடிதம் வந்தது. கட்டுப்பாடு என்றைக்காவது போகத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே மூச்சில் எடுத்தார்கள், அதுதான் என் மனத்தாங்கல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தனியார் சட்டைப்பையிலிருந்து கொடுக்க வைத்த சலுகையை நிறுத்தும்போது, அதன் ஒரு பகுதியையாவது அரசு தன் பையிலிருந்து கொடுத்து, படிப்படியாக இறக்கியிருக்கலாம். வெளியேறியவர்கள் பாயா தெருபோங், ஆயிர் ஈத்தாம், ரிலாவ் அடுக்குமாடிகளுக்கும், பாலம் தாண்டி பெருநிலத்துக்கும் போனார்கள். கடை மட்டும் லிட்டில் இந்தியாவில் இருக்க, குடும்பம் பத்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் என்ற வாழ்க்கை அப்படித் தொடங்கியது. காலையில் பூக்கூடையோடு பேருந்து ஏறி வந்து, இரவு கடையடைத்துத் திரும்பிப் போகிறவர்கள் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறார்கள்.

அப்புறம், 2008 ஜூலை 7. ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 259 ஹெக்டர் பரப்பு, 5,000-க்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள். யுனெஸ்கோ போற்றியது கட்டடங்களை மட்டுமல்ல. பல இனங்கள் சேர்ந்து வாழ்ந்த, வாழ்ந்துகொண்டிருக்கும் மரபையும் சேர்த்துத்தான் அந்த அங்கீகாரம். அடுத்த ஆண்டே மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் திங்க் சிட்டி என்ற அமைப்பை உருவாக்கி, 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டத்தைத் தொடங்கியது. கூரை, முகப்பு, ஐந்தடி நடைபாதை ஆகியவற்றைப் பழைய முறைப்படி சீர்செய்பவருக்குச் செலவில் ஒரு பங்கு கிடைத்தது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. இன்று அழகாக நிற்கும் பல கட்டடங்கள் அந்தப் பணத்தால் பிழைத்தவை.

ஆனாலும் ஆள் குறைந்தது. பாரம்பரியப் பகுதிக்குள் 2009-இல் 10,000-க்குச் சற்று மேல் குடியிருந்தார்கள். 2013-இல் அது 9,500-க்கும் கீழே போனது. கட்டடம் சீரானதும் அதன் விலை ஏறுகிறது, விலை ஏறியதும் தங்கும் விடுதியோ காப்பிக்கடையோதான் அந்த வாடகையைக் கட்ட முடிகிறது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மட்டுமே 200-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களை வாங்கிச் சேர்த்தது. வெனிஸ் நகரத்தின் பழைய பகுதியில் குடியிருப்போர் 2022-இல் 50,000-க்கும் கீழே போன செய்தியைப் படித்தபோது எனக்கு ஜார்ஜ்டவுன்தான் நினைவுக்கு வந்தது. நாம் அந்த வழியில் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம்.

மானியத்தில் ஒரு வித்தியாசமான முயற்சியும் நடந்தது. அர்மேனியன் தெருவில் ஒரு சீனக் கோயில் அறக்கட்டளைக்குச் சொந்தமான கடைவீடுகளைப் பழுதுபார்த்தபோது, வெகுகாலமாக அங்கே இருந்த குடும்பங்களை வெளியேற்றாமல், அவர்களும் கட்டக்கூடிய அளவுக்கு வாடகையைக் கொஞ்சம் உயர்த்தி, மானியமும் சேர்த்து வேலையை முடித்தார்கள். உரிமையாளர், குடியிருப்பவர், மானியம் தருபவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. பணம் சுவருக்குப் போனாலும் நிபந்தனை மனிதர்களைப் பற்றியது. மானியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

வெளிநாட்டவருக்கான கதவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டவர் இங்கே நீண்டகாலம் தங்க விசா தரும் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002-இல் வந்தது. 2021-இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள், ஆட்கள் வேறு நாடு பார்த்துப் போனார்கள். 2024-இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று படிகள் வைத்தார்கள். வெள்ளிப் படிக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும், 6,00,000 ரிங்கிட்டுக்குக் குறையாத ஒரு வீடும் வேண்டும். ஐந்து வருட விசா கிடைக்கும், புதுப்பித்துக்கொள்ளலாம். வெளிநாட்டார் வருவதில் எனக்கு எதிர்ப்பில்லை, வந்தவர்களால் கட்டிய ஊர் இது. ஆனால் வீடு வாங்குவதையே கட்டாய நிபந்தனையாக வைக்கும்போது, தீவின் வீட்டுச் சந்தை எந்த விலையைப் பார்த்துக் கட்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மேம்பாட்டாளர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

உள்ளூர்க்காரருக்கு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் வீடு 5,00,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் 2021 முதல் முத்திரைத் தீர்வை முழு விலக்கு. பினாங்கில் 42,000 ரிங்கிட்டுக்குக் குறைந்தவிலை வீடு, 72,500 ரிங்கிட்டுக்கு அடுத்த வகை. கோலாலம்பூரில் 3,00,000 ரிங்கிட்டுக்குள் ரெசிடென்சி விலாயா என்ற மலிவுவிலை வீடுகள், மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகள். மாநில அரசு முதியோருக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் சிறு உதவித்தொகைகள் தருகிறது. நல்ல எண்ணம்தான். நூறு, இருநூறு ரிங்கிட்டைப் பார்த்து யாரும் எந்த ஊரில் குடியிருப்பது என்று முடிவெடுப்பதில்லை.

இந்தச் சலுகைகளில் பெரும்பாலானவை வங்கியின் வாசலைத் தாண்டியவருக்கே கிடைக்கின்றன என்பதுதான் சிக்கல். முத்திரைத் தீர்வை விலக்கு வேண்டும் என்றால் முதலில் கடன் கிடைக்க வேண்டும். கடன் வேண்டும் என்றால் சம்பளச் சீட்டு வேண்டும். லாரி ஓட்டுபவர், ஒட்டுக்கடை வைத்திருப்பவர், கல்யாணத்துக்கு மாலை கட்டுபவர், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர் இவர்களுக்கெல்லாம் சம்பளச் சீட்டு ஏது? இவர்களுக்காகவே அரசு பொறுப்பேற்கும் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று 2008 முதல் இருக்கிறது. எஸ்ஜேகேபி என்ற பெயரில் கேட்டால் பங்கேற்கும் வங்கிகளில் சொல்வார்கள். நம் சமூக அமைப்புகள் தீபாவளி விருந்துகளுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை இந்த விண்ணப்பங்களை நிரப்பித் தருவதில் செலவிட்டால் பல குடும்பங்கள் கரையேறும். இதை நான் மனதார நம்புகிறேன்.

படித்தவர்களைத் திரும்ப அழைப்பதற்கும் சலுகை உண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் மலேசிய நிபுணர் திரும்பி வந்தால், ஐந்து வருடத்துக்கு வேலை வருமானத்தில் 15 விழுக்காடு மட்டுமே வரி. உலக வங்கி 2011-இல் வெளியிட்ட அறிக்கை, வெளிநாடுகளில் வாழும் மலேசியர்கள் சுமார் 10 லட்சம் பேர் என்றும், அவர்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. சிங்கப்பூருக்குப் போன நம் பிள்ளைகள் அங்கே என்ன பார்க்கிறார்கள்? அங்கே குடியுரிமை பெற்ற குடும்பம் அடுக்குமாடி வீட்டுச் சந்தையில் மறுவிற்பனை வீடு வாங்கும்போது, பெற்றோருடன் ஒரே வீட்டில் குடியிருந்தால் 30,000 வெள்ளி, நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000 வெள்ளி மானியம். தாத்தா பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், வயதானவர்களை மகனோ மகளோ பார்த்துக்கொள்வார்கள், அரசுக்கும் முதியோர் பராமரிப்புச் செலவு குறையும். ஒரு கொள்கை குடும்பத்தின் உண்மையான வாழ்க்கையைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. குழந்தைப் பிறப்பு விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்றான பினாங்குக்கு இது அவசியமான பாடம்.

சொந்த வீடு இல்லாதவரையும் எட்டும் சலுகைகளில் எனக்கு நம்பிக்கை அதிகம். கோலாலம்பூரில் மாதம் 50 ரிங்கிட்டுக்கு ரயிலும் பேருந்தும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். பினாங்கில் ஜார்ஜ்டவுனைச் சுற்றிவரும் இலவசப் பேருந்து ஓடுகிறது. 2025 ஜனவரியில் இலகு ரயில் பணியும் தொடங்கியது. குத்தகைக்காரர், சொந்தக்காரர் என்று பேருந்து பார்ப்பதில்லை.

குத்தகை பற்றித்தான் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜார்ஜ்டவுனின் உட்பகுதியில் நிலம் யாருடையது என்று பார்த்தால், வக்ஃபு, இந்து அறப்பணி வாரியம், குலச்சங்கங்கள், தேவாலயங்கள் என்று அறநிலையங்களே பெரிய உரிமையாளர்களில் அடங்கும். இவை லாபத்துக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. அங்கே வாழும் சமூகத்துக்காகத்தான் நிலம் எழுதிவைத்தார்கள். ஒரு கடைவீட்டின் மேல்மாடியைக் குடும்பத்துக்கே வாடகைக்கு விட வேண்டும், பத்து வருடத்துக்குக் குறையாத ஒப்பந்தம், வாடகை உயர்வுக்கு ஒரு வரம்பு என்று அறநிலையங்கள் நிபந்தனை வைத்தால், பதிலுக்கு மாநகர் மன்றம் அந்தக் கட்டடத்தின் மதிப்பீட்டு வரியில் தள்ளுபடி தரலாம். புதிய சட்டத்துக்கும் புதிய அலுவலகத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

குறுகிய கால வாடகை விஷயத்தில் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2020-இல் கோலாலம்பூரின் மொன்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில், சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதை நிர்வாகக் கழகம் தன் துணைவிதிகளால் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் இத்தகைய தங்குமிடங்களுக்கு வழிகாட்டி விதிகளைக் கொண்டுவந்தது. நாள் வாடகையைத் தடுப்பது சரி, ஆனால் மாத வாடகைக்கு விடுபவருக்கு ஏதாவது கைகொடுக்க வேண்டாமா? 2018 வரவு செலவுத் திட்டத்தில், மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு மிகாமல் வீட்டை வாடகைக்கு விடுபவரின் வாடகை வருமானத்தில் பாதிக்கு வரி விலக்கு அறிவித்தார்கள். சத்தமில்லாமல் வந்தது, நீடிக்காமல் போனது. வீட்டு வாடகைக்குத் தனிச் சட்டம் பற்றியும் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அந்த வரி விலக்கைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரே குடும்பத்துக்கு மூன்று வருடமாவது தொடர்ந்து வாடகைக்கு விடுபவருக்கு மட்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும். வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதியமைச்சு ஒவ்வோர் ஆண்டும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் அடுத்த முறை எழுதி அனுப்பும் கடிதத்தில் இந்தக் கோரிக்கையும் இடம்பெறட்டும்.